பழைய குடிமதிப்புக் (மக்கள்தொகைக்) கணக்கில் முன்னோரைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இருந்துகொண்டு தம் குடும்பத்தின் வேரைத் தேடத் தொடங்குவோரும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போது இரண்டு வாரத்துக்குள் கொள்ளுப்பாட்டனின் ஊரைக் கண்டுபிடித்துவிட நினைப்போரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஆவணக் காப்பாளரோ வழக்கறிஞரோ அல்லன். என் சொந்தக் குடும்பத்துக்காகத் தேடப் போய், பின்னர் பிறருக்கும் தேடிக் கொடுத்துப் பழகியவன்.

1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் பார்க்க முடியுமா?

முடியாது. இந்தியாவில் கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சென்று எழுதிய தாள்கள், எண்ணிக் கூட்டி அட்டவணைகளாக்கப்பட்ட பிறகு பாதுகாத்து வைக்கப்படவில்லை. நூலகங்களில் நமக்குக் கிடைப்பவையெல்லாம் அச்சிடப்பட்ட அறிக்கைகளும் அட்டவணைகளுமே. விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பொருந்தும். அதன்படி கணக்கெடுப்பு அலுவலர் எழுதிய பதிவேட்டைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் இல்லை. பொதுவான உரிமையியல் வழக்குகளில் அதைச் சான்றாகவும் காட்ட முடியாது. ஆகவே, பணம் கொடுத்தால் “1931 சென்சஸிலிருந்து” உங்கள் குடும்பப் பக்கத்தை எடுத்துத் தருவதாக எவரேனும் சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் என் சம்பந்தி வீட்டார் மட்டும் கணினியில் தேடி எடுக்கிறார்களே?

அங்கே பெயர்வாரித் தாள்களைக் காத்துவைத்து, குறிப்பிட்ட காலம் கழிந்ததும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அக்காலம் 72 ஆண்டுகள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வெளிவந்தது. கனடாவில் 92 ஆண்டுகள், இங்கிலாந்தில் 100 ஆண்டுகள். அங்கும் இழப்புகள் உண்டு. இங்கிலாந்தின் 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் தீக்கிரையாயின. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுத் தாள்கள் 1921இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் அநேகமாக முழுதும் இல்லாமற் போயின. உங்கள் குடும்பத்தில் ஒரு கிளை அந்நாடுகளில் வேரூன்றியிருந்தால் அந்தக் கிளைக்கு அவை பயன்படும். சென்னையில் தங்கிவிட்ட கிளைக்கு வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும்.

பெயரே இல்லாத கணக்கெடுப்பு அறிக்கையால் நமக்கு என்ன பயன்?

பெயரைத் தேடி அதைத் திறப்பவர் ஏமாற்றமடைவார். ஊரைத் தேடித் திறப்பவருக்கு நிறையக் கிடைக்கும். மதராஸ் மாகாணத்தில் மாகாணம் தழுவிய முறையான கணக்கெடுப்பு 1871இல் நடந்தது. அதன் அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். நாடு முழுவதும் ஒரே நாளில் எண்ணும் முறை 1881இல் வந்தது. 1871இல் ஏறத்தாழ 3.12 கோடியாக இருந்த மாகாண மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 3.08 கோடியாகக் குறைந்தது. இடையில் வந்தது 1876–78 பஞ்சம். நம் பாட்டிமார் ‘தாது வருஷத்துப் பஞ்சம்’ என்று சொன்னது அதைத்தான். அதே பத்தாண்டில் சென்னை நகரின் மக்கள்தொகையோ 3,97,552இலிருந்து 4,05,848ஆக உயர்ந்தது. “பஞ்சத்தில் ஊரை விட்டுப் பட்டணம் வந்தோம்” என்று வீட்டில் வழங்கும் கதையை, உங்கள் தாலுகாவுக்குரிய அட்டவணையோடு வைத்துப் பார்க்கும்போது, அக்கதை நடந்திருக்கக்கூடியதா என்பதையேனும் அறியலாம்.

1951 முதல் வெளிவந்த மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் ஊர்வாரி எண்ணிக்கை இருக்கிறது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையொட்டி, அதன் மாநிலக் கண்காணிப்பாளர் பி. கே. நம்பியார் மேற்பார்வையில் மதராஸ் மாநிலத்தின் சில ஊர்களுக்குத் தனித்தனி ஆய்வு நூல்களே வெளியிடப்பட்டன. தொழில், வீட்டமைப்பு, திருமண வழக்கம், திருவிழா எனப் பலவும் அவற்றில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. உங்கள் ஊர் அவற்றுள் ஒன்றாக அமைந்துவிட்டால் அது பெரும்பேறு.

சாதி பற்றிய பக்கங்களைப் படிப்போருக்கு ஒரு எச்சரிக்கை. 1931 வரையிலான அட்டவணைகளில் உள்ள பெயர்கள் அதிகாரிகள் வைத்த தலைப்புகள். மக்கள் தம்மை அழைத்துக்கொண்ட பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெயர் மாற்றக் கோரிப் போராட்டங்களும் விண்ணப்பங்களும் இடைவிடாமல் நடந்தன. நாடார் என்ற பெயர் 1921இலும், ஆதி திராவிடர் என்ற பெயர் 1922இலும் அரசால் ஏற்கப்பட்டன. எனவே ஒரே குடும்பம் மூன்று பதிவேடுகளில் மூன்று பெயர்களில் இருப்பது முரண் அன்று.

அப்படியானால் தேடலை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டுப் பரணிலிருந்து. ஜாதகக் கட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ரேஷன் அட்டை, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்த பிறப்பு இறப்புக் குறிப்பு ஆகியவற்றை முதலில் வெளியே எடுங்கள். சீர்வரிசையாக வந்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். கொடுத்தவரின் பெயர், சிலவற்றில் ஊரும் தேதியும்கூட வெட்டப்பட்டிருக்கும். என் பாட்டியின் பிறந்த ஊரை நான் அறிந்தது அரசு ஆவணத்திலிருந்து அன்று, நெடுநாள் அரிசி அளந்துகொண்டிருந்த ஒரு பாத்திரத்தின் விளிம்பிலிருந்து.

பிதுர்க் கடன் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில், தர்ப்பணத்தின்போது தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்வார்கள். தாய்வழிப் பெயர்களும் வரும். அப்பா சொல்லக் கேட்டதை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டம் உள்ள குடும்பங்களுக்குக் கல்லிலேயே பெயரும் ஆண்டும் இருக்கும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது “எந்த வருடம்?” என்று கேட்டால் பதில் வராது. “எம்டன் குண்டு போட்டபோது அவர் பிறந்திருந்தாரா?” என்று கேட்டால் வரும். ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22. ஜப்பான்காரன் பயத்தில் பட்டணத்தைக் காலிசெய்தது 1942. இப்படிப்பட்ட முளைகளில்தான் நினைவுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

ஜாதகத்தில் தமிழ் வருடம் மட்டும் இருக்கிறது. ஆங்கில ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

அறுபது ஆண்டுச் சுற்றின் முதலாண்டாகிய பிரபவ 1867–68, 1927–28, 1987–88 ஆகியவற்றில் வந்தது. மற்றவற்றை அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். ஒரே பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் எந்தச் சுற்று என்ற ஐயம் எழும். குருவும் சனியும் அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்துவிடுவதால் அவற்றை வைத்துத் தீர்மானிக்க இயலாது. ராகு, கேது நிற்கும் இடத்தைப் பார்த்தால் சுற்று தெளிவாகும். பல ஜாதகங்களில் சாலிவாகன சகாப்தம் அல்லது கலியுக ஆண்டும் தலைப்பில் எழுதப்பட்டிருக்கும். சகாப்த எண்ணோடு 78ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தை முதல் பங்குனி வரை பிறந்தவருக்குப் பெரும்பாலும் 79ஐக் கூட்ட வேண்டியிருக்கும்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் ஜூன் மாதத்துத் தேதி ஒன்றைத் தாமே எழுதிக்கொண்ட காலம் அது. ஜாதகமும் சான்றிதழும் மோதினால் நான் ஜாதகத்தின் பக்கம் நிற்பேன்.

குடும்பப் பெயர் இல்லாத நமக்கு, ஒரு பதிவேட்டில் உள்ள ‘முனுசாமி’ நம்முடைய முனுசாமிதான் என்பது எப்படித் தெரியும்?

பெயரை வைத்து மட்டும் ஒருபோதும் தெரியாது. பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் பேரனுக்கு அப்பெயர். ஆகவே முனுசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் முனுசாமி என்று சங்கிலி நீளும்போது ஒரு தலைமுறையை விழுங்கிவிடுவது மிக எளிது. தந்தை பெயர், ஊர், தெரு, தொழில், உடன் சாட்சிக் கையெழுத்திட்டவர் ஆகியவற்றில் மூன்றேனும் பொருந்தினால் மட்டுமே நான் ஒருவரைக் குடும்ப மரத்தில் சேர்ப்பேன். இரண்டுதான் பொருந்துகிறது என்றால் பென்சிலால் எழுதிவைப்பேன்.

எழுத்துக்கூட்டலையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பதிவேடுகளில் காஞ்சிபுரம் ‘கஞ்சீவரம்’ என்றும், செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’ என்றும், திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாப்பளி’ என்றும் இருக்கும். மாவட்ட எல்லைகளும் மாறிவிட்டன. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் சித்தூர்ப் பகுதி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. எனவே ஊர்ப் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடும் முன், அன்றைய தாலுகா எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நில ஆவணங்களில் எவ்வளவு பின்னோக்கிப் போக முடியும்?

என் அனுபவத்தில், தமிழ்க் குடும்பம் ஒன்றைத் தேடுவதற்கு இதைவிட வலுவான வழி இல்லை. பிறப்பைப் பதியாதவர்கூட ஒரு காணி நிலத்தைப் பதியாமல் விட்டதில்லை.

வீட்டில் தாய்ப்பத்திரம் இருந்தால் அதை வரிவரியாகப் படியுங்கள். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவருக்கும் தந்தை பெயர், வயது, தொழில், குடியிருக்கும் தெரு எல்லாம் அதில் இருக்கும். “இச்சொத்து எனக்குப் பிதிரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு” என்றோ “என் தாய்வழிப் பாட்டனார் இன்னாரிடமிருந்து” என்றோ வரும் தொடர் ஒரு தலைமுறையையே உங்கள் கையில் கொடுத்துவிடும். கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் மேலானது. அதில் அண்ணன் தம்பிகள் அனைவரும், இறந்துபோனவர்களின் வாரிசுகளும், பல வேளைகளில் விதவைகளும் பெயரோடு நிற்பார்கள்.

பத்திரம் கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று எடுத்து, அதில் உள்ள ஆவண எண்ணைக் கொண்டு நகல் கேட்கலாம். அண்மைக் காலத்துப் பதிவுகளைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியவற்றுக்கு அலுவலகப் புத்தகங்களில் கையால் தேட வேண்டும். ஆவணப் பதிவுக்கான சட்டம் 1864இல் இயற்றப்பட்டது. அன்று முதல் பதிவான புத்தகங்கள் எல்லாம் எல்லா அலுவலகங்களிலும் நல்ல நிலையில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் நகலுக்காகச் சென்ற ஓர் அலுவலகத்தில் நமக்கு வேண்டிய தொகுதியை மட்டும் கரையான் தின்றிருந்தது.

அதற்கும் முந்தையவை, நிலத்தை அளந்து வரி விதித்தபோது எழுதப்பட்ட வருவாய்த்துறையின் செட்டில்மென்ட் பதிவேடுகள். உங்கள் முன்னோருக்குக் கோயில் ஊழியத்துக்காகவோ, கிராமப் பணிக்காகவோ, வேறு மானியமாகவோ நிலம் இருந்திருந்தால், மானிய நிலங்களை விசாரிக்க 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேட்டை அவசியம் பார்க்க வேண்டும். வழக்குமன்ற வட்டாரத்தில் ‘இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்’ என்பார்கள். மானியத்தை முதலில் பெற்றவர், அப்போது அனுபவித்தவர், இருவருக்கும் உள்ள உறவு, வயது என்பவையெல்லாம் கட்டம் கட்டமாக எழுதப்பட்ட பதிவேடு அது. இறுதிக் குறிப்பாக ஒன்று: கர்ணம் (ஊர்க் கணக்கர்), கிராம முன்சீப் (ஊர்த் தலைவர்) பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது சில கணக்குகள் அவர்கள் வீடுகளிலேயே தங்கிவிட்டன. உங்கள் ஊரில் பழைய கர்ணம் வீட்டார் இருந்தால் மரியாதையாகச் சென்று கேட்டுப் பாருங்கள்.

சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அதைவிடப் பழைய கணக்கு உண்டா?

உண்டு. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை, ஆர்க்காட்டு நவாப் கம்பெனிக்கு வழங்கிய நிலப்பகுதியான செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படையாக ஊர்க் கணக்கர்கள் எழுதிய தமிழ்ச் சுவடிகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் அப்போது எத்தனை வீடுகளாக இருந்தது, எந்தெந்தத் தொழில் செய்தவர்கள் வாழ்ந்தார்கள், எந்தக் கோயிலுக்கு என்ன மானியம் போயிற்று என்பதை அதில் காணலாம். ஆனால் அங்கே காணும் ஒருவரிலிருந்து இன்றைய உங்கள் குடும்பம் வரை சங்கிலியை இணைப்பது அநேகமாக நடவாத காரியம்.

நகரத்துக்குள்ளேயே பல தலைமுறையாக இருக்கிறோம். எங்களுக்கு நிலமும் இல்லை, ஊரும் இல்லை.

நகரவாசிகளுக்கு மாநகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் முதல் வழி. பெயர் சூட்டும் முன்பே பதிந்துவிடுவதால் பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் இராது. ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்பதும் பெற்றோர் பெயரும் முகவரியும் மட்டும் இருக்கும். முகவரி தான் சிக்கல். கருப்பர் நகரம் 1906இல் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. தெருப் பெயர்கள் மாறின. கதவிலக்கங்கள் பழையது, புதியது என்று இரண்டு முறைக்கு மேலும் மாறியிருக்கின்றன. வீட்டு வரி ரசீதுகளை வைத்திருந்தால் இந்த மாற்றங்களை ஒன்றோடொன்று பொருத்தலாம்.

உயில் எழுதியவர்கள் இருந்தால் உயர்நீதிமன்றத்தின் புரொபேட் (உயிலை மெய்யென உறுதிசெய்யும்) ஆவணங்களையும் பாருங்கள். சென்னை நகரச் சொத்துக்கான உயில்களுக்கு அங்கே புரொபேட் வாங்க வேண்டிய நிலை நெடுங்காலம் இருந்தது. பட்டதாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டு நூல்களான ‘காலண்டர்’களிலும், அரசு ஊழியர்களுக்குப் பழைய ‘புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ்’களிலும் பெயர் கிடைக்கும். கன்னிமாரா நூலகத்தில் தொடங்கலாம்.

கிறித்தவக் குடும்பங்களின் நிலை மேல். கோட்டைக்குள் உள்ள புனித மேரி ஆலயம் 1680இல் திறக்கப்பட்டது. 1753இல் அங்கே மணம் முடித்த ராபர்ட் கிளைவின் பெயரை அதன் திருமணப் பதிவேட்டில் பார்க்க வருவோர் பலர். மற்றவர்களின் பெயர்களும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கின்றன. மதராஸ் மாகாணத் திருச்சபைகள் அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் 1698 முதல் 1948 வரை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இவற்றில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே மிகுதி. தமிழ்க் கிறித்தவர் தம் பங்கு ஆலயத்திலேயே கேட்பது நல்லது.

எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கு நேரே போய்க் கேட்கலாமா?

போகலாம், ஆனால் முன் அனுமதி பெற்றுக்கொண்டு, எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த மாவட்டம் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். 1670 முதலான ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. 1909இல் கட்டிய அந்தக் கட்டடத்துக்கு முதல் காப்பாளராக இருந்தவர் ஹென்றி டாட்வெல். “எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்பவருக்கு அங்கே எவராலும் உதவ முடியாது. அரசாணை எண்ணோடும் தேதியோடும் வருபவருக்கு ஒரே நாளில் கட்டு மேசைக்கு வந்துவிடும்.

எங்கள் தாத்தாவின் அண்ணன் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை. அவரைத் தேட முடியுமா?

விந்தை என்னவென்றால், ஊரில் தங்கியவர்களைவிடக் கப்பலேறிய ஏழைகளைப் பற்றித்தான் அரசு விரிவாக எழுதிவைத்தது. ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றவர்களின் முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை சென்ற 1,52,184 பேரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை குறிக்கப்பட்டன. டர்பனில் இன்று ‘கோவெண்டர்’, ‘மூன்சாமி’, ‘பிள்ளே’ என்று குடும்பப் பெயர் தாங்குவோரின் முன்னோரை அந்த எண்ணைக் கொண்டு அடைய முடிகிறது.

மொரீஷியசுக்குச் சென்றவர்களின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன; 1860களிலிருந்து அவற்றில் புகைப்படங்களும் உண்டு. பிஜிக்கு 1879 முதல் ஆட்கள் சென்றனர். சென்னையிலிருந்து 1903இல்தான் தொடங்கிற்று.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி (தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர்) மூலம் சென்றவர்களைத் தேடுவது கடினம், ஏனெனில் அவர்கள் தனியாள் ஒப்பந்தம் எழுதிச் செல்லவில்லை. இலங்கையிலிருந்து 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டையில் உறுப்பினர் அனைவரும் உள்ளனர். அந்த அட்டையிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்.

கோயில்களிலும் சமூக அமைப்புகளிலும் பதிவேடு இருக்குமா?

சிலவற்றில் மிகச் சிறப்பாக இருக்கும். நாட்டுக்கோட்டை நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தினர் திருமணமான ஒவ்வோர் இணையையும் ஒரு ‘புள்ளி’யாகத் தம் ஒன்பது நகரக் கோயில்களில் பதிந்துவைக்கும் மரபுடையவர்கள். மற்றவர்கள் குலதெய்வக் கோயிலின் வரி கொடுத்தோர் நோட்டையும், இராமேசுவரம், காசி முதலிய இடங்களில் குடும்பப் புரோகிதர் வைத்திருக்கும் ஏட்டையும் கேட்டுப் பார்க்கலாம்.

மரத்தில் பெண்களின் பெயர்களே இல்லை. எப்படி நிரப்புவது?

இதுவே தேடலின் மிகக் கடினமான பகுதி. பதிவேடுகளில் அவர் ‘இன்னார் சம்சாரம்’ என்று மட்டும் இருப்பார். திருமணத்தின்போது பெயரையே மாற்றிவிடும் வழக்கமும் சில குடும்பங்களில் இருந்தது. சீதனமாக வந்த நிலத்தின் பத்திரம், பெண்ணின் பெயரில் எழுதிய செட்டில்மென்ட் (சொத்தை உறவினருக்கு எழுதிவைக்கும்) பத்திரம், ஜீவனாம்ச வழக்கின் தீர்ப்பு ஆகியவற்றில் அவர்கள் சொந்தப் பெயரில் பேசுகிறார்கள். தாய்மாமன் வழியையும் மறக்க வேண்டாம். அத்தை மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில், பெண்ணின் பிறந்த வீடும் உங்கள் மரத்தின் வேறொரு கிளையாகவே இருக்கக்கூடும்.

மரபணுச் சோதனை செய்யலாமா?

நெருங்கிய, அறியாத உறவினரைக் காட்டலாம். ஊரையோ பெயரையோ காட்டாது.

வரவிருக்கும் கணக்கெடுப்பில் நான் சொல்லும் விவரங்களை என் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்களா?

2011க்குப் பிறகு நடக்கும் அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. 15ஆம் பிரிவு அதற்கும் பொருந்தும் என்பதால் பார்க்க முடியாது. வாக்காளர் பட்டியலோ பொது ஆவணம். 2025 நவம்பரில் தமிழகத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தாய் தந்தையர் பெயரைத் தேடியவர்கள் அந்தப் பக்கங்களைத் தரவிறக்கி வைத்திருப்பார்கள். அவற்றை அழித்துவிடாமல் பாகம் எண், வரிசை எண்ணோடு அச்செடுத்து ஜாதகக் கட்டுடன் வையுங்கள். கணக்கெடுப்பாளர் வரும் நாளில், அவரிடம் சொல்லும் விவரங்களையே தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் கையெழுத்திட்டு, அதையும் அந்தக் கட்டுக்குள் சேர்த்துவிடலாம்.